அம்மாவின் கோப்பும் பிந்திக் கேட்ட கேள்வியும்

உவர்மலையில் எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் நீல நிறக் கோப்பு ஒன்று இருக்கிறது. அம்மாவின் ஸ்கான் அறிக்கைகள், பயொப்சி முடிவுகள், கிளினிக் கொப்பி, மருந்துத் துண்டுகள் எல்லாம் திகதி வரிசையில் அதற்குள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஒழுங்கு அம்மாவின் கடைசி ஒன்பது மாதங்களில்தான் உண்டானது. அதற்கு முன் அந்தத் தாள்கள் யாவும் ஒரு பொலித்தீன் பைக்குள் கலந்து கிடந்தன. எது முதலில் வந்தது, எது பின்னர் வந்தது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

நுரையீரல் புற்றுநோய்க்கான கிளினிக்கல் ட்ரயல்களைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஒரு புதிய மருந்தை, அல்லது பழைய மருந்துகளைப் புதிய விதமாகச் சேர்த்துக் கொடுக்கும் முறையை, நோயாளரின் சம்மதத்தோடு அவருக்கே கொடுத்து, அது பயன் தருகிறதா, தீங்கு செய்கிறதா என்று முன்கூட்டியே வகுத்த விதிகளின்படி அளந்து பார்க்கும் ஆய்வுக்குத்தான் அந்தப் பெயர். நான் வைத்தியர் அல்ல. திருகோணமலையில் ஒரு பாடசாலையில் கணிதம் கற்பிப்பவள். அம்மாவுக்காக இரண்டு ஆண்டுகள் தேடியும், படித்தும், கடிதம் எழுதியும், சென்னை வரை போய்த் திரும்பியும் அறிந்துகொண்டவற்றை, எங்களைப் போல் நோயின் நடுவில் நின்று தேடத் தொடங்கும் இன்னொரு வீட்டாருக்காக எழுதி வைக்கிறேன்.

அம்மா முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் சிகரெட்டைத் தொட்டதில்லை. 2021ஆம் ஆண்டின் இறுதியில் இருமல் தொடங்கியபோது, மாரிக் காலத்துச் சளி என்று கற்பூரவள்ளிச் சாறும் கொத்தமல்லித் தண்ணீருமாக ஏழு வாரங்களைக் கழித்தோம். 2022 பெப்ரவரியில் படியேற முடியாமல் மூச்சு வாங்கியது. ஊர் வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, வலது நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியிருக்கிறது என்று சொல்லி ஊசியால் இறக்கினார்கள். அந்த நீரிலும், பின்னர் எடுத்த பயொப்சியிலும் வந்த முடிவு அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்றுநோய். நீரிலேயே புற்றுக் கலங்கள் இருந்ததால் அது நான்காம் நிலை.

செய்தி கேட்டு வந்த உறவினர் பலர் அம்மாவிடம் கேட்டது, “நீங்கள் புகைத்ததே இல்லையே, பிறகு எப்படி?” என்பதுதான். இந்தக் கேள்விக்கு உள்ளே ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. நுரையீரல் புற்றுநோய்க்கு முதற் காரணம் புகைத்தலே என்பதில் ஐயமில்லை. ஆனாலும் புகைக்காதவர்களுக்கும், அதிலும் ஆசியப் பெண்களுக்கும், இந்த அடினோகார்சினோமா வகை வருவது வைத்திய உலகம் நன்கறிந்த விடயம். அப்படிப்பட்டவர்களின் கட்டியில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் ஒரு பிறழ்வு அடிக்கடி காணப்படுகிறது. மேற்கு நாடுகளில் அடினோகார்சினோமா நோயாளரில் பத்தில் ஒருவர் அளவில் காணப்படும் இந்தப் பிறழ்வு, கிழக்காசியாவில் ஏறத்தாழ இரண்டில் ஒருவரிடம் இருக்கிறது. பிறழ்வு இருந்தால் சிகிச்சையின் பாதையே மாறிவிடும்.

அந்தப் பரிசோதனைக்காக அம்மாவின் பயொப்சித் துண்டை வெளியே அனுப்பினார்கள். எரிபொருளுக்கு வரிசைகள் நீளத் தொடங்கியிருந்த காலம் அது. வாகனம் பிடிக்க முடியாமல், இரவுத் தபால் புகையிரதத்தில் அம்மாவைப் படுக்க வைத்துக் கொழும்புக்குக் கொண்டு போனோம். வாட்டில் சேர்த்த நான்காம் நாள், மூச்சுத்திணறல் கூடுகிறது, முடிவுக்காகக் காத்திருக்க இயலாது என்று கீமோ தொடங்கினார்கள். அந்த நேரத்தில் அது நியாயமான முடிவாக இருந்திருக்கலாம். அதைத் தீர்ப்பிடும் அறிவு எனக்கு இல்லை. என் மனக்குறை வேறு. டொக்டர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மூன்று நிமிடம் பேசினார், ஒரு தாதி பாதியைத் தமிழில் சொன்னார், நாங்கள் தலையாட்டினோம். “இந்த முடிவு வரும்வரை பொறுத்தால் என்ன, வந்தால் வேறு வழிகள் உண்டா, இவருக்குப் பொருந்தக்கூடிய ஆய்வு ஏதாவது எங்காவது நடக்கிறதா?” என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஐந்து வாரங்களின் பின், இரண்டு முறை கீமோ ஏற்றி முடிந்திருந்தபோது, ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணுவின் எக்சோன் 19 என்ற பகுதியில் பிறழ்வு இருக்கிறது என்ற முடிவு வந்தது. கீமோவை நிறுத்தி, அந்தப் பிறழ்வைக் குறிவைக்கும் கெஃபிட்டினிப் மாத்திரைக்கு மாற்றினார்கள்.

அந்த மாத்திரை அம்மாவுக்கு ஏறத்தாழ ஒரு வருட நல்வாழ்வைக் கொடுத்தது. முகத்தில் பருக்கள் போல் கொப்புளித்ததும் வயிறு அடிக்கடி இளகியதும் தவிர வேறு தொல்லை இல்லை. ஆடி அமாவாசைக்குக் கோணேசர் மலையில் படியேறினார். டச்சு விரிகுடாக் கரையில் பேரனோடு மாலையில் நடந்தார். அந்தக் காலத்தில்தான் நான் இந்த மாத்திரையின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

கெஃபிட்டினிப் முதலில் எல்லோருக்கும் பொதுவான மருந்தாகவே முயலப்பட்டது. அப்படி எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வில், 2005இல், ஆயுளை நீட்டுவதாக அதனால் நிறுவ முடியவில்லை. ஆனால் அதற்குள்ளேயே ஆசிய நாட்டவரும் புகைக்காதவரும் வேறுவிதமாகப் பயன் பெற்றது தெரிந்தது. அந்தத் தடயத்தைப் பிடித்துக்கொண்டு 2006க்கும் 2007க்கும் இடையில், சீனா, ஜப்பான், தாய்லாந்து, மலேசியா உள்ளிட்ட கிழக்காசிய நாடுகளில் 1,217 பேரைச் சேர்த்து ஐபாஸ் என்ற ஆய்வை நடத்தினார்கள். ஒரு பாதிக்குக் கெஃபிட்டினிப், மறுபாதிக்கு வழக்கமான கீமோ. 2009இல் வெளிவந்த முடிவு சிகிச்சையின் போக்கையே மாற்றியது: ஈ.ஜி.எஃப்.ஆர். பிறழ்வு உள்ளவர்களில் மாத்திரை நோயை நீண்ட காலம் அடக்கி வைத்தது. பிறழ்வு இல்லாதவர்களில் கீமோவே மேலாக இருந்தது. அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க உதவியவை 437 பேரின் திசு மாதிரிகள் மட்டுமே. மற்றவர்களிடமிருந்து சோதிக்கத்தக்க திசு கிடைக்கவில்லை. பெயர் தெரியாத அந்த 437 பேர் தங்கள் நோய்க்கட்டியின் ஒரு சிறு துண்டை ஆய்வுக்கு விட்டுவைத்ததால்தான், பதின்மூன்று ஆண்டுகள் கழித்துத் திருகோணமலையில் என் அம்மா காலையில் ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டுக் கடற்கரைக்குப் போனார். இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மாத்திரை ஒரு நாள் வேலை செய்யாமல் போகும் என்பதையும் அதே தேடலில் அறிந்தேன். 2023 மே மாத ஸ்கானில் கட்டி மறுபடி வளர்ந்திருந்தது. கெஃபிட்டினிப்புக்குப் பிறகு நோய் முன்னேறுவோரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் டி790எம் என்ற இன்னொரு பிறழ்வு தோன்றும். அவர்களுக்கு ஓசிமெர்ட்டினிப் என்ற அடுத்த மாத்திரை உண்டு. அம்மாவின் இரத்தத்தில் அது இல்லை. திரும்பவும் கீமோ என்றார்கள். அப்போதுதான் ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பி இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசியில், “அக்கா, ட்ரயல் ஏதாவது பார்த்தீர்களா?” என்று கேட்டான்.

கேட்க வேண்டிய நாளிலிருந்து பதினைந்து மாதங்கள் பிந்தி வந்த கேள்வி அது.

தேடும் இடங்கள் இரகசியமானவை அல்ல. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 2000ஆம் ஆண்டிலிருந்து நடத்தும் கிளினிக்கல்ட்ரயல்ஸ்.கவ் என்ற பதிவேடு அமெரிக்க ஆய்வுகளுக்கு மட்டுமானதன்று. உலகின் பல பகுதிகளில் நடக்கும் ஆய்வுகள் அதில் பதியப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் என்.சி.டி. என்று தொடங்கும் எட்டு இலக்க எண் உண்டு. இந்தியாவுக்குத் தனிப் பதிவேடு 2007இல் தொடங்கியது. 2009 நடுப்பகுதி முதல் அங்கு நடக்கும் மருந்து ஆய்வுகளை அதில் பதிவது கட்டாயம். இலங்கைக்கும் ஒரு பதிவேடு இருக்கிறது: இலங்கை மருத்துவச் சங்கத்தின் கீழ் 2006இல் உருவானது, உலக சுகாதார அமைப்பின் வலையமைப்பில் முதன்மைப் பதிவேடாக ஏற்கப்பட்டது. இவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் துழாவ உலக சுகாதார அமைப்பின் தேடுதளமும் உண்டு. எங்கள் நாட்டுப் பதிவேட்டை ஆசையோடுதான் முதலில் திறந்தேன். அம்மாவின் நிலைக்குப் பொருந்துவது அங்கே எனக்குக் கிடைக்கவில்லை.

நோயின் பெயரையும் நாட்டையும் இட்டு, ஆட்சேர்ப்பு நடைபெறுகிறது என்ற நிலையைத் தெரிவு செய்தால் நீண்ட பட்டியல் வரும். அந்தப் பட்டியலின் முன் உட்கார்ந்தபோதுதான் பொலித்தீன் பை என் மேசைக்கு வந்தது. ஏனென்றால் ஒவ்வொரு ஆய்வின் கீழும் யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்கமாட்டார்கள் என்று இரண்டு நீண்ட பகுதிகள் இருக்கும். அவை கேட்கும் கேள்விகளுக்கு எங்கள் தாள்களில்தான் பதில் இருந்தது. நுரையீரல் புற்றுநோயின் இரு பெரும் வகைகளில் இது சிறுகலமா, சிறுகலமல்லாததா? அடினோகார்சினோமாவா, வேறு வகையா? எந்த நிலை? எந்த மரபணுப் பிறழ்வு, எந்த முறையில் சோதித்தது? இதுவரை என்னென்ன சிகிச்சை, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை? மூளைக்குப் பரவியிருக்கிறதா? சிறுநீரகம், ஈரல், இரத்த அணுக்கள் எப்படி? ஸ்கானில் அளந்து சொல்லக்கூடிய கட்டி இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வி எனக்குப் புதிதாக இருந்தது. பொதுவாகக் குறைந்தது பத்து மில்லிமீற்றர் அளவுள்ள ஒரு கட்டியாவது வேண்டும். நுரையீரலைச் சுற்றிய நீர் மட்டும் இருந்தால் அதை அளவீடாக ஏற்பதில்லை, ஏனென்றால் மருந்தால் சுருங்கியதா வளர்ந்ததா என்று நீரை வைத்துக் கணக்கிட முடியாது.

இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகையில்தான் அந்த இரண்டு கீமோக்களின் விலை எனக்குப் புரிந்தது. முற்றிய நோய்க்கு இதற்கு முன் எந்த மருந்தும் பெற்றிருக்கக்கூடாது என்ற விதி, முதன்முதலாகக் கொடுக்கும் சிகிச்சையைப் பற்றிய ஆய்வுகளில் வழக்கமாக இருக்கிறது. அந்த வாசல் 2022இல் நாங்கள் தலையாட்டிய நாளிலேயே மூடிவிட்டது. மாத்திரைக்குப் பிறகு முன்னேறியவர்களுக்கான ஆய்வுகளிலும் பல, மாத்திரை தவிர வேறு சிகிச்சை பெறாதவர்களையே கேட்டன. அம்மாவின் கோப்பில் கீமோ இருந்தது. ஓர் ஆய்வு நோயாளரின் வரலாற்றை இப்படி நுணுக்கமாகப் பார்ப்பது கொடுமைக்காக அல்ல. முன்பு பெற்ற மருந்தின் விளைவையும் புதிய மருந்தின் விளைவையும் பிரித்தறிய முடியாவிட்டால் ஆய்வின் விடை யாருக்கும் பயன்படாது. கணிதம் கற்பிப்பவளாக எனக்கு இது உடனே விளங்கியது. மகளாக விளங்கிக்கொள்ள நாளெடுத்தது.

ட்ரயல் என்பது எல்லா மருந்தும் கைவிட்ட பிறகு தட்டும் கடைசிக் கதவு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் நோய் கண்டுபிடித்த முதல் வாரத்தில்தான் ஒருவருக்கு ஆகக்கூடிய வாசல்கள் திறந்திருக்கின்றன. சிகிச்சை தொடங்கத் தொடங்க அவை ஒவ்வொன்றாகச் சாத்தப்படுகின்றன. மூச்சு முட்டும் நோயாளியை ஆய்வுக்காகக் காக்க வைக்கச் சொல்லவில்லை. கேட்பதற்கு ஐந்து நிமிடம்தான் ஆகும். கேட்ட பின் இல்லை என்ற பதில் வந்தால் இழப்பு ஒன்றும் இல்லை.

பதிவேட்டில் உள்ள தொடர்பு முகவரிகளுக்கு ஆறு மின்னஞ்சல்கள் அனுப்பினேன். முதல் மூன்றும் எங்கள் துயரத்தை எழுதிய நீண்ட கடிதங்கள். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. பின்னர் தம்பி சொன்னபடி ஒரே பக்கத்தில், வயது, நோயின் வகை, நிலை, பிறழ்வு, சிகிச்சைகள் திகதியோடு, கடைசி ஸ்கானின் முடிவு, நடமாடும் நிலை, வசிக்கும் ஊர், கடவுச்சீட்டு உண்டு என்ற விபரம், இவ்வளவையும் எழுதி அனுப்பினேன். மூன்றுக்கும் ஒரு கிழமைக்குள் பதில் வந்தது. ஒன்று அந்த நிலையத்தில் ஆட்சேர்ப்பு முடிந்துவிட்டது என்றது. பதிவேட்டில் திறந்திருக்கிறது என்று காட்டினாலும் அந்தந்த வைத்தியசாலையில் இடம் நிரம்பியிருக்கலாம் என்பதை அப்படித்தான் அறிந்தேன். இன்னொன்று வாராவாரம் வந்து போகக்கூடிய தூரத்தில் வசிக்க வேண்டும் என்றது. மூன்றாவது சென்னையிலிருந்து வந்தது; முன்பு கீமோ பெற்றவர்களையும் ஏற்கும், புதிய மருந்தை வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிடும் மூன்றாங்கட்ட ஆய்வு; நேரில் வந்தால் தகுதிப் பரிசோதனை செய்து பார்க்கலாம், பழைய பயொப்சியின் புளொக்கையும் கொண்டு வாருங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

புளொக் என்பது பயொப்சியில் எடுத்த சதைத் துண்டை மெழுகில் பதித்து வைத்திருக்கும் சிறு கட்டி. நோயியல் ஆய்வுகூடத்தில் அதைப் பாதுகாத்து வைத்திருப்பார்கள் என்பதும், எழுத்தில் விண்ணப்பித்தால் நோயாளி அதைப் பெறலாம் என்பதும் எனக்கு அதுவரை தெரியாது. அறிக்கைத் தாளில் இருக்கும் இலக்கம்தான் அதன் அடையாளம். அந்தத் தாள் தொலைந்தால் புளொக்கைத் தேடுவது பெரும்பாடு. எங்களுடையதைப் பெற பதினொரு நாட்கள் எடுத்தன. கைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய அந்த மெழுகுத் துண்டைக் கைக்குட்டையில் சுற்றி அம்மாவிடம் காட்டினேன். “இதுதானா பிள்ளை, இவ்வளவும் செய்தது?” என்று கேட்டுவிட்டு நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போக வேண்டுமா என்பதில் வீட்டில் ஒரே கருத்து இருக்கவில்லை. மாமா, அம்மாவின் அண்ணன், தம்பலகாமத்திலிருந்து வந்து, “தங்கச்சியைச் சோதனை எலியாக்கப் போகிறீர்களா?” என்று சத்தம் போட்டார். அவருடைய அச்சத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மனிதர்களைச் சம்மதமின்றிச் சோதனைக்கு உட்படுத்திய கொடுமைகள் நடந்திருக்கின்றன. 1947இன் நியூரம்பேர்க் நெறிகளும் 1964இன் ஹெல்சிங்கிப் பிரகடனமும் அந்தக் காயங்களிலிருந்தே பிறந்தவை. இன்று ஓர் ஆய்வு தொடங்குமுன் நெறிமுறைக் குழுவொன்று அதைப் பரிசீலிக்க வேண்டும். இலங்கையில் புதிய மருந்தின் ஆய்வுக்கு 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதியும் வேண்டும். இந்தியாவின் 2019ஆம் ஆண்டு விதிகள், ஆய்வினால் ஊறு நேர்ந்தால் இலவச வைத்தியமும் இழப்பீடும் தர வேண்டும் என்கின்றன. இவற்றை மாமாவுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் கடைசியில் கேட்டது ஒன்றுதான்: “வெறும் மாவு உருண்டையைக் கொடுத்துவிட்டு மருந்து என்று சொல்லிவிட்டால்?”

பலரும் அஞ்சுவது இதைத்தான். புற்றுநோய் ஆய்வுகளில், வேலை செய்யும் சிகிச்சை ஒன்று ஏற்கனவே இருக்கும்போது, அதைப் பறித்துவிட்டு வெறும் போலி மருந்தை மட்டும் கொடுப்பது ஒழுக்கமல்ல. புதிய மருந்தைப் பெறாத பிரிவினர் அந்தக் காலத்தில் வழக்கத்திலுள்ள சிறந்த சிகிச்சையைப் பெறுவார்கள். 2018இல் வெளிவந்த ஃப்ளோரா ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். 556 பேரில் ஒரு பாதிக்கு ஓசிமெர்ட்டினிப், மறுபாதிக்கு அம்மா விழுங்கிய கெஃபிட்டினிப் அல்லது அதன் சகோதர மருந்து. முதற் பிரிவில் நோய் முன்னேறாதிருந்த காலத்தின் இடைநிலை, அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 18.9 மாதங்கள், மற்றதில் 10.2 மாதங்கள். மற்றப் பிரிவில் இருந்தவர்களும் மருந்தின்றி இருக்கவில்லை. பின்னர் டி790எம் தோன்றியவர்கள் ஓசிமெர்ட்டினிப்புக்கு மாறவும் வழி இருந்தது. போலி மாத்திரை பயன்படும் ஆய்வுகளும் உண்டு. அங்கே வழக்கமான சிகிச்சையோடு புதிய மருந்தோ போலியோ மேலதிகமாகச் சேரும். எப்படியானாலும் அது சம்மதப் படிவத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எந்தப் பிரிவு என்பதை டொக்டர் தீர்மானிப்பதில்லை, குலுக்கல்தான் தீர்மானிக்கிறது என்று நான் சொன்னபோது மாமா அதிர்ந்தார். டொக்டர் தீர்மானித்தால், தெம்பானவர்களை அறியாமலே புதிய மருந்தின் பக்கம் அனுப்பிவிடுவார். பிறகு நன்மை மருந்தினாலா தெம்பினாலா என்று யாராலும் சொல்ல முடியாது. நான் வகுப்பில் நாணயம் சுண்டிக் கற்பித்த நிகழ்தகவு அந்தக் கணத்தில்தான் எனக்கே கனத்தது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆய்வு என்ற பெயரில் பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கும் ஒரு முகவர் தொலைபேசியில் வந்து, வெளிநாட்டில் தண்டுக்கல ஊசி, பதிவு செய்ய இத்தனை இலட்சம் என்றார். பதிவேட்டு எண்ணைக் கேட்டேன், தொடர்பைத் துண்டித்துவிட்டார். முறையான மருந்து நிறுவன ஆய்வில் ஆய்வு மருந்துக்கு நோயாளியிடம் பணம் வாங்குவதில்லை. பயணச் செலவைக்கூடச் சில ஆய்வுகள் திருப்பித் தருகின்றன. தங்குமிடமும் சாப்பாடும் கூட வருபவரின் விடுமுறையும்தான் எங்கள் தலையில் விழுந்த செலவு.

சென்னையில் ஆய்வு இணைப்பாளராக இருந்த பெண் சம்மதப் படிவத்தைத் தமிழில் கொடுத்தார். இருபத்தொரு பக்கங்கள். அம்மா அதை விடுதிக்கு எடுத்து வந்து, விடைத்தாள் திருத்துபவரைப் போல் பென்சிலோடு இரண்டு நாட்கள் படித்தார். மறுநாள் அவர் கேட்ட கேள்விகளை இப்போதும் நினைக்கிறேன். “நான் இடையில் விலகினால் டொக்டர் கோவிப்பாரா, பிறகு என்னைப் பார்க்காமல் விடுவாரா?” எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலும் விலகலாம், வழமையான சிகிச்சை அதனால் பாதிக்கப்படாது என்று படிவத்தின் ஒன்பதாம் பக்கத்தைக் காட்டினார்கள். “குலுக்கலில் டோசிடாக்செல் என்ற கீமோவின் பக்கம் விழுந்தால் அதை ஊரில் ஏற்றலாமா?” முடியாது, அளவீடுகள் யாவும் ஒரே முறையில் இருக்க வேண்டும் என்பதால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை சென்னைக்கு வர வேண்டும் என்றார்கள். “என் இரத்தத்தையும் சதையையும் எத்தனை காலம் வைத்திருப்பீர்கள்?” இந்தக் கேள்வியை அதுவரை யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்று இணைப்பாளர் சொன்னார். அம்மா கையொப்பமிட்டார்; நான் சாட்சி.

பிறகு இரத்தப் பரிசோதனைகள், புதிய சி.டி. ஸ்கான், மூளைக்கு எம்.ஆர்.ஐ. அந்த எம்.ஆர்.ஐ.யில் இரண்டு சிறிய புள்ளிகள் தெரிந்தன. அம்மாவுக்குத் தலைவலிகூட இருக்கவில்லை. மூளைக்குப் பரவியிருந்தாலும் கதிர்ச் சிகிச்சை செய்து, நான்கு வாரங்கள் ஸ்டீரொய்ட் இன்றி நிலையாக இருந்தால் சேரலாம் என்று அந்த ஆய்வின் விதி இருந்தது. கதிர்ச் சிகிச்சையை முடித்துக் காத்திருந்தோம். அந்த நான்கு வாரங்களில் வேறு மருந்து எதுவும் தொடங்க முடியவில்லை, தொடங்கினால் அது உடலிலிருந்து நீங்கும் கழிவுக் காலத்துக்காக மறுபடி காத்திருக்க வேண்டும். நோய் காத்திருக்கவில்லை.

நடமாடும் நிலைக்கு ஒரு புள்ளிக் கணக்கு உண்டு. சுறுசுறுப்பாக எல்லா வேலையும் செய்பவர் பூச்சியம். கடும் வேலை முடியாது, இலேசான வீட்டு வேலை முடியும் என்றால் ஒன்று. தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்வார், ஆனால் வேலை செய்ய இயலாது, பகலில் பாதிக்குக் குறைவாகப் படுக்கையில் இருப்பார் என்றால் இரண்டு. பெரும்பாலான ஆய்வுகள் பூச்சியத்தையும் ஒன்றையும்தான் ஏற்கின்றன. சென்னைக்குப் போனபோது அம்மா ஒன்று. செப்ரெம்பரில் மறுபடி பார்த்த டொக்டர் அம்மாவை அறையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நடக்கச் சொன்னார், நாற்காலியில் அமரச் சொன்னார், சிறிது நேரம் பேசாதிருந்து, “இரண்டு என்றுதான் நான் எழுத வேண்டும், அம்மா” என்றார். அவர் பொய்யாக ஒன்று என்று எழுதியிருக்கலாமே என்று அன்றிரவு நான் அழுதேன். அம்மா எனக்குத் தமிழ் ஆசிரியையாகவே பதில் சொன்னார்: “பிழையான புள்ளி போட்டால் பிறகு வருகிற பிள்ளைக்குத்தானே கேடு.”

சென்னைக்குப் போனதற்காக நான் வருந்துகிறேனா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். போனதற்கு வருந்தவில்லை, போன காலத்துக்கு வருந்துகிறேன். மருந்தில்லாமல் போன அந்த வாரங்களில் ஊரிலேயே கீமோ தொடங்கியிருந்தால் அம்மாவுக்கு இன்னும் சில நல்ல மாதங்கள் கிடைத்திருக்குமோ என்ற கேள்வியை என்னால் அகற்ற முடியவில்லை. ஆகவே யாராவது என்னிடம் கேட்டால், இத்தனையாம் திகதிக்குள் முடிவு வராவிட்டால் ஊர்ச் சிகிச்சையைத் தொடங்குவோம் என்று உங்கள் டொக்டரோடு முதலே பேசி ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள் என்கிறேன். நாங்கள் அப்படிக் குறிக்கவில்லை.

தொலைவில்தான் எல்லா நல்ல ஆய்வும் இருக்கிறது என்றும் எண்ண வேண்டாம். மும்பையின் டாட்டா நினைவு வைத்தியசாலையில் 350 நோயாளரைச் சேர்த்து, கெஃபிட்டினிப்பை மட்டும் கொடுப்பதையும் அதோடு பழைய இரண்டு கீமோ மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதையும் ஒப்பிட்டார்கள். சேர்த்துக் கொடுத்தவர்களில் நோய் முன்னேறாத காலம் எட்டு மாதங்களிலிருந்து பதினாறாகக் கூடியது, பக்கவிளைவுகளும் கூடின. 2020இல் வெளிவந்த அந்த ஆய்வு கோடி ரூபாய் மருந்தைப் பற்றியதல்ல. எங்களைப் போன்ற நாடுகள் வாங்கக்கூடிய மருந்துகளை எப்படிச் சேர்ப்பது என்பதைப் பற்றியது. இலங்கையின் பெரிய புற்றுநோய்ப் பிரிவுகளில் இத்தகைய கேள்விகளோடு ஆய்வுகள் நடக்க வேண்டும், கிழக்கு மாகாண நோயாளருக்கு அவற்றின் படிவங்கள் நல்ல தமிழில் கிடைக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

அம்மா 2024 பெப்ரவரியில் வீட்டிலேயே, கடல் இரைச்சல் கேட்கும் அறையில் காலமானார். புளொக்கைச் சென்னையிலிருந்து திருப்பி எடுக்கவில்லை. தன் சதையை அவர்கள் வேறு ஆய்வுகளுக்கும் பயன்படுத்தலாம் என்ற பெட்டியில் அம்மா தானே அடையாளமிட்டிருந்தார்.

சென்ற மாதம் மூதூரிலிருந்து ஒரு பெண் தன் கணவரையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். பாடசாலையில் யாரோ என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களிடமும் ஒரு பொலித்தீன் பை இருந்தது. தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் தாள்களைத் திகதிப்படி விரித்தோம். அடினோகார்சினோமா, நான்காம் நிலை, மரபணு முடிவு இன்னும் வரவில்லை. “மருந்து ஏதாவது தொடங்கிவிட்டார்களா?” என்று கேட்டேன்.

“இல்லை டீச்சர், வருகிற செவ்வாய்க்கிழமைதான் கிளினிக்.”

கணவரின் மூச்சு சீராக இருந்தது. நான் ஒரு கொப்பியை எடுத்துக் கொடுத்தேன். நாங்கள் அன்று கேட்காமல் விட்ட மூன்று கேள்விகளை அந்தப் பெண் தன் கையாலேயே எழுதிக்கொண்டார், சிங்களத்தில் எப்படிக் கேட்பது என்பதைப் பக்கத்து வீட்டு அன்ரி அதன் கீழே எழுதிக் கொடுத்தார். பயொப்சி அறிக்கையின் இலக்கத்தைக் கொப்பியின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிக் கோடிட்டோம். மூதூருக்குக் கடைசிப் பஸ் போய்விடும் என்று அவர்கள் அவசரமாக எழுந்தார்கள்.